கார்பன் இழைத் தகட்டினுள் மறைந்த சேதம்: மீயொலியால் கண்டுபிடிக்கும் முறை, படிப்படியாக

2005 மார்ச் 6 அன்று கியூபாவின் வரதேரோவிலிருந்து கனடாவின் கியூபெக் நகருக்குக் கிளம்பிய ஏர்பஸ் ஏ310 விமானம், ஃபுளோரிடாவுக்குத் தெற்கே வந்தபோது பெரிய சத்தத்துடன் குலுங்கியது. விமானிகள் வந்த வழியே திரும்பிப் பத்திரமாகத் தரையிறக்கினார்கள். இறங்கிப் பார்த்தால், வாலில் இருந்த சுக்கான் ஏறக்குறைய முழுதாகக் காணாமல் போயிருந்தது. அது கார்பன் இழைத் தோலும் நடுவில் தேன்கூட்டு வடிவ உள்ளீடும் கொண்டு செய்யப்பட்டது. தோல் உள்ளீட்டிலிருந்து விட்டுப்போன இடம் ஒன்று முன்பே இருந்து, ஒவ்வொரு பறப்பிலும் காற்றழுத்தம் ஏறி இறங்க இறங்க வளர்ந்திருக்கக்கூடும் என்பதுதான் கனடா விசாரணையாளர்கள் வந்து சேர்ந்த இடம். அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்காவில் பராமரிப்புக்கு வந்த வேறொரு ஏ300 விமானத்தின் சுக்கானில், ஹைட்ராலிக் எண்ணெய் ஊறி ஒட்டு விட்டிருந்தது தெரியவந்தது. வெற்றிட அழுத்தத்தில் வைத்துச் சோதித்தபோது அந்தப் பிரிவு மேலும் பரவியது.

அக்காலத்தில் அந்தச் சுக்கான்களுக்கு இருந்த வழக்கமான சோதனை, கண்ணால் பார்ப்பதும் தட்டிக் கேட்பதும்தான். தட்டிப் பார்ப்பது மோசமான முறை அல்ல. மெல்லிய தோலில் பெரிய பிரிவு இருந்தால் காது உடனே சொல்லிவிடும். ஆனால் சேதம் சிறிதாக இருக்கும்போதே பிடிக்க வேண்டுமென்றால், காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண் ஒலியான மீயொலிதான் வழி. போயிங் 787 விமானத்தின் எடையில் சுமார் பாதி கம்போசிட், அதாவது இழையும் பிசினும் சேர்த்துச் செய்த பொருள். இன்று இந்த வேலை ஆய்வகத்து ஆராய்ச்சியாக நில்லாமல் பணிமனையின் அன்றாட வேலையாகிவிட்டது.

இந்த வழிகாட்டி 3 மி.மீ தடிமனுள்ள, உள்ளீடு இல்லாத கார்பன் இழைத் தகட்டை எடுத்துக்கொண்டு போகிறது. மேலே ஒரு ஸ்பேனர் விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தேன்கூட்டுப் பலகைக்கும் காற்றாலை இறக்கைக்கும் மாற்ற வேண்டியவற்றைக் கடைசியில் சொல்கிறேன்.

எதைத் தேடுகிறோம்

உலோகத்தில் அடி விழுந்தால் பள்ளம் விழும். கார்பன் தகடு அப்படிக் காட்டிக்கொடுப்பதில்லை. அது வளைந்து மீண்டுவிடும். மேலே தடவிப் பார்த்தால்கூடத் தெரியாத ஒரு தடம் மட்டும் மிஞ்சும். உள்ளே நடப்பது வேறு. முதலில் இழைகளுக்கு இடையே, அடுக்குகளை ஒட்டிப்பிடிக்கும் பிசினான ரெசினில் விரிசல் விழுகிறது. அந்த விரிசல் அடுத்த அடுக்கின் எல்லையைத் தொட்டதும் திரும்பி, இரண்டு அடுக்குகளுக்கு நடுவே கிடையாகப் பரவுகிறது. இதுதான் அடுக்குப் பிரிவு. பணிமனை மொழியில் டிலாமினேஷன். இழைகள் முறிவது பெரும்பாலும் கடைசிக் கட்டம்.

பிரிவு எல்லா ஆழத்திலும் ஒரே அளவில் இராது. அடி விழுந்த முகத்தில் குறுகியும் பின்பக்கம் போகப் போக அகன்றும் கூம்பு வடிவில் இருக்கும். மேலே 5 மி.மீ தடம் என்றால், பின்புறம் அதைப்போலப் பல மடங்கு அகலத்தில் அடுக்குகள் விட்டிருக்கலாம். இழுவிசையை அத்தகடு ஓரளவு தாங்கிவிடும். அமுக்கும் விசையில்தான் அகப்பட்டுக்கொள்ளும். பிரிந்த அடுக்குகள் தனித்தனியே மெல்லிய தகடுகளாக வளைந்துவிடும். விமானத் துறை இதை அளக்க ஒரு சோதனையையே வைத்திருக்கிறது: 100 × 150 மி.மீ துண்டின் மேல் 16 மி.மீ விட்டமுள்ள அரைக்கோள முனையை விழச் செய்து, பிறகு அமுக்கி உடைப்பது. ஏ.எஸ்.டி.எம் டி7136, டி7137 என்ற இரண்டு தரநிலைகள் இதற்கானவை. நிறுவனங்கள் இதில் கிடைக்கும் வலிமை எண்களைக் கொண்டே வடிவமைக்கின்றன. ஆய்வாளரின் வேலை, சேதம் அனுமதித்த அளவைத் தாண்டியதா என்று சொல்வது.

ஒலி எப்படிக் காட்டிக்கொடுக்கிறது

கார்பன் தகட்டின் தடிமன் வழியே மீயொலி வினாடிக்குச் சுமார் 3,000 மீட்டர் வேகத்தில் செல்கிறது, அதாவது ஒரு மைக்ரோ வினாடிக்கு 3 மி.மீ. நம் 3 மி.மீ தகட்டில் போய்த் திரும்ப 2 மைக்ரோ வினாடி ஆகும். திரையில் பின்சுவர் எதிரொலி, அதாவது தகட்டின் பின்முகத்தில் பட்டுத் திரும்பும் ஒலி, அங்கேதான் நிற்க வேண்டும். 1.2 மைக்ரோ வினாடியில் ஏதாவது எழுந்தால் 1.8 மி.மீ ஆழத்தில் ஏதோ இருக்கிறது. கணக்கு இவ்வளவுதான்.

அடுக்குப் பிரிவுக்குள் இருப்பது காற்று. திடப்பொருளிலிருந்து காற்றுக்குப் போக முயலும் ஒலி ஏறக்குறைய முழுதும் திரும்பிவிடும். ஒரு முடியளவு இடைவெளிகூட முழுச் சுவர்போல நிற்கும். மீயொலியின் பலமும் இதுதான், பலவீனமும் இதுதான். மேலே ஒரு பிரிவு இருந்துவிட்டால் அதன் அடியில் இருப்பது எதுவும் தெரியாது.

பயிற்சிக்கு வருபவர்களிடம் ஒரு பழக்கத்தைப் பார்த்திருக்கிறேன்: திரையில் புதிதாக ஒரு சிகரம் எழுகிறதா என்று மட்டுமே பார்ப்பார்கள். கம்போசிட்டில் அது பாதிக் காட்சி. பின்சுவர் எதிரொலி எங்கே தணிகிறது, எங்கே காணாமல் போகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். தொடக்கநிலைச் சேதம் பல நேரங்களில் சிகரமாக எழாது. பின்சுவரைக் கொஞ்சம் திருடிக்கொண்டு போகும்.

படி 1: புரோபைத் தேர்ந்தெடுப்பது

புரோப் என்பது ஒலியை அனுப்பி, திரும்பி வருவதைப் பிடிக்கும் முனை. 2 முதல் 6 மி.மீ வரையான திடத் தகட்டுக்கு 5 மெகாஹெர்ட்ஸ் நல்ல தொடக்கம். அலைநீளம் 0.6 மி.மீ. அதிர்வெண் கூடக் கூட நுணுக்கம் கூடும், ஒலி தேய்வதும் கூடும். கார்பன் தகட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஓர் அடுக்கின் தடிமன் 0.125 மி.மீ என்றால், 12 மெகாஹெர்ட்ஸ் அருகே அடுக்குகள் எல்லாம் சேர்ந்து ஒத்ததிர்ந்து திரையைப் புல் முளைத்தாற்போல் ஆக்கிவிடும். 0.19 மி.மீ அடுக்கானால் அந்த ஒத்ததிர்வு 8 மெகாஹெர்ட்ஸுக்கே இறங்கிவிடும். அதனால் ‘10 மெகாஹெர்ட்ஸ் போட்டால் இன்னும் தெளிவாகத் தெரியுமே’ என்ற ஆசையை, அடுக்கின் தடிமன் என்னவென்று கேட்டறிந்த பிறகே அனுமதிக்கவும்.

வெறும் தொடு புரோப் போதாது. 5 மெகாஹெர்ட்ஸ் துடிப்பு இரண்டே சுற்று அதிர்ந்து அடங்கினாலும் 0.4 மைக்ரோ வினாடி ஆகிறது. அந்த நேரத்தில் 0.6 மி.மீ வரையான ஆழம் மறைந்துவிடும். முதல் நான்கைந்து அடுக்குகள் குருட்டு மண்டலம். புரோபின் தொடக்க அதிர்வு இதைவிட நீண்டது, ஆகவே உண்மையில் நிலைமை இன்னும் மோசம். எனவே முனையில் பிளாஸ்டிக் தாமதக் குழல் பொருத்திய புரோபைப் பயன்படுத்துங்கள். தொடக்க அதிர்வு அந்தப் பிளாஸ்டிக்குக்குள்ளேயே அடங்கிவிடும். 6 மி.மீ விட்டப் புரோபுக்கு அண்மைப் புலம் பிளாஸ்டிக்கில் 19 மி.மீ அளவில் முடிகிறது. அந்தப் புலத்துக்குள் எதிரொலியின் உயரம் தாறுமாறாக ஏறி இறங்கும் என்பதால், குழலின் நீளம் அதையும் ஓரளவு விழுங்கிவிடுகிறது.

பெரிய பரப்புக்கு 64 சிறு உணரிகள் கொண்ட வரிசைப் புரோப் வேலையைப் பல மடங்கு விரைவாக்கும். ஆனால் ஒற்றைப் புரோபில் திரையைப் படிக்கத் தெரியாதவர் வரிசைப் புரோபின் வண்ணப் படத்தில் ஏமாறுவார். முதலில் ஒற்றைப் புரோப்.

படி 2: ஜெல்

புரோபுக்கும் தகட்டுக்கும் நடுவே காற்று இருந்தால் ஒலி உள்ளே போகாது. தண்ணீர், கிளிசரின், மீயொலி ஜெல் எதுவும் ஆகும். சிலிகான் கலந்த எதையும் தொடாதீர்கள். நாளை அதே இடத்தில் ஒட்டுப்போட்டுப் பழுதுபார்க்க வேண்டிவரும்; சிலிகான் படிந்த பரப்பில் எந்தப் பசையும் சரியாகப் பிடிக்காது. வெட்டிய ஓரங்களிலும் திறந்த துளைகளிலும் ஜெல்லும் தண்ணீரும் உள்ளே ஊறாதபடி டேப் ஒட்டி மூடுங்கள்.

ஜெல் போதுமா என்பதைத் திரையே சொல்லும். தொடர்பு நன்றாக இருந்தால் குழல் முனையின் எதிரொலி தணிவாக இருக்கும். ஒலியில் ஒரு பங்கு தகட்டுக்குள் போய்விட்டது என்று பொருள். ஜெல் வற்றினால் அதே எதிரொலி திடீரென உயரும், பின்சுவர் மறையும். புதியவர் இதை ‘பெரிய டிலாமினேஷன்’ என்று எழுதிவிடுவார். பின்சுவர் மறைந்த ஒவ்வொரு முறையும் முதலில் முனை எதிரொலியைப் பாருங்கள்.

படி 3: அளவீட்டைச் சரிசெய்தல்

கருவியை எடுத்ததும் அதில் எஃகின் வேகம் இருக்க வாய்ப்பு அதிகம்: வினாடிக்கு 5,900 மீட்டர் சொச்சம். அப்படியே வைத்தால் 3 மி.மீ தகடு கிட்டத்தட்ட 6 மி.மீ என்று காட்டும். தகட்டின் ஓரத்தில், சேதமில்லாத இடத்தில் மைக்ரோமீட்டரால் தடிமனை அளந்து, திரை அதே எண்ணைக் காட்டும்வரை வேகத்தை மாற்றுங்கள். புத்தகத்து எண்ணை அப்படியே போட வேண்டாம். இழையின் பங்கும் ரெசினின் வகையும் மாறினால் வேகமும் மாறும். வெயிலில் நின்ற விமானத்தின் தோலிலும் குளிரூட்டிய அறையிலிருந்த மாதிரித் துண்டிலும் ஒரே வேகம் இராது. சூடேறினால் ரெசினிலும் குழலின் பிளாஸ்டிக்கிலும் ஒலி மெதுவாகும்.

அடுத்து மாதிரித் துண்டு. சோதிக்கும் தகடு எந்த இழை, எந்த ரெசின், எந்த அடுக்குமுறையோ, அதே முறையில் செய்த படிக்கட்டுத் துண்டு வேண்டும். அதில் வெவ்வேறு ஆழங்களில் டெஃப்லான் துண்டுகளைப் பதித்தோ, பின்புறத்திலிருந்து தட்டையான அடியுள்ள துளைகள் இட்டோ செயற்கைக் குறைகள் இருக்கும். விமானத் துறையில் 6 மி.மீ அளவுள்ள செருகல் பரவலான ஒன்று. இந்த வேலைக்கான பொது நடைமுறை ஏ.எஸ்.டி.எம் இ2580 தரநிலையில் இருக்கிறது. அலுமினியத் துண்டை வைத்துக் கம்போசிட்டுக்கு அளவீடு செய்வது, செய்யாமல் இருப்பதைவிட மோசம். சரிசெய்துவிட்டோம் என்ற நம்பிக்கையை மட்டும் தரும்.

நல்ல பகுதியில் பின்சுவர் எதிரொலி திரை உயரத்தின் 80 சதவீதத்தில் நிற்கும்படி, எதிரொலியைப் பெருக்கும் அளவான கெயினை வையுங்கள். இரண்டு கேட் (திரையில் கருவி கண்காணிக்கும் பகுதி) போடுங்கள்: ஒன்று முனை எதிரொலிக்கும் பின்சுவருக்கும் நடுவில், இன்னொன்று பின்சுவரின் மேல். முதலாவது கேட், எதிரொலி எழுந்தால் கூவ வேண்டும். இரண்டாவது கேட், எதிரொலி விழுந்தால் கூவ வேண்டும். இரண்டாவது கேட்டைப் போடாமல் விடுவதுதான் பணிமனைகளில் நான் அதிகம் பார்க்கும் சோம்பல்.

படி 4: ஸ்கேன்

தகட்டில் கட்டம் வரையுங்கள். தொடக்கப்புள்ளி, கழற்றி மாட்டினாலும் இடம் மாறாத ஒன்றாக இருக்கட்டும். ஒரு ரிவெட்டின் மையம் நல்ல தேர்வு. ஆறு மாதம் கழித்து இதே இடத்தைத் திரும்பச் சோதிப்பவர் வேறொருவராக இருப்பார்.

கண்டுபிடிக்க வேண்டிய மிகச்சிறிய குறை 6 மி.மீ என்றால், வரிசைக்கு வரிசை 3 மி.மீக்கு மேல் தள்ளக் கூடாது. ஸ்பேனர் விழுந்த இடம் தெரிந்திருந்தாலும் அங்கே தொடங்காதீர்கள். வெளியே, நல்ல பகுதியிலிருந்து உள்நோக்கி வாருங்கள். கண் முதலில் ‘நல்லது எப்படி இருக்கும்’ என்று பழகட்டும்.

படி 5: திரையைப் படித்தல்

நல்ல தகட்டில் முனை எதிரொலி, பின்சுவர், நடுவே அடுக்குகளின் சிறு முணுமுணுப்பு. அவ்வளவுதான்.

பின்சுவர் போய், அதற்கு முன்னால் தெளிவான சிகரமும் அதன் பின்னே சம இடைவெளியில் அதன் மடங்குகளும் வந்தால் அடுக்குப் பிரிவு. பின்சுவர் போய்ப் புதிதாக எதுவுமே எழாமல், முனை எதிரொலியின் வால் மட்டும் நீண்டு தடித்தால் எச்சரிக்கை: பிரிவு மேற்பரப்புக்கு மிக அருகில், குருட்டு மண்டலத்துக்குள் இருக்கிறது. பின்சுவர் பாதியாகத் தணிந்து, நடுவே முணுமுணுப்பு கூடியிருந்தால் நுண்துளைகள். அது பெரும்பாலும் தயாரிப்பின்போதே வந்த குறை. ஸ்பேனரின் மேல் பழி போட முடியாது. விமானத் துறையில் பரவலாக 2 சதவீதத் துளை அளவு எல்லையாகக் கொள்ளப்படுகிறது.

தகட்டின் பின்பக்கம் கை எட்டினால் ஓர் எளிய சோதனை உண்டு. புரோபை அசைக்காமல் வைத்துக்கொண்டு, நேர்எதிரே பின்முகத்தில் ஈர விரலை அழுத்துங்கள். நல்ல இடத்தில் பின்சுவர் எதிரொலி கிட்டத்தட்டப் பாதியாகச் சரியும். விரலை எடுத்தால் நிமிரும். காற்றைச் சந்தித்த ஒலி முழுதாகத் திரும்பியது, இப்போது ஈரத்தைச் சந்தித்து ஒரு பங்கு விரலுக்குள் கசிகிறது. எதிரொலி அசையவே இல்லை என்றால் நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது பின்சுவர் அல்ல. ஒலி அதற்கு முன்பே எங்கோ திரும்பிவிட்டது. பின்சுவருக்கு ஓர் அடுக்கு மேலே இருக்கும் பிரிவைத் திரையில் பிரித்தறிவது கடினம். விரல் சொல்லிவிடும்.

பின்சுவர் குறைய நியாயமான காரணங்களும் உண்டு. அடுக்குகள் குறையும் இடம், பின்னால் ஒட்டிய விறைப்புப் பட்டை, வளைவு, பெயின்ட் தடிமன் மாறுவது. வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் தீர்ப்பு எழுத வேண்டாம்.

படி 6: எல்லையையும் ஆழத்தையும் வரைதல்

பின்சுவர் பாதி உயரத்துக்கு விழும் இடத்தில் புரோபின் மையத்தைக் குறியுங்கள். இதுவே 6 டெசிபல் முறை. சுற்றிலும் இப்படிக் குறித்துப் புள்ளிகளை இணைத்தால் சேதத்தின் எல்லை கிடைக்கும். குறை ஒலிக்கற்றையைவிடச் சிறிதாக இருந்தால் இந்த முறை பொய் சொல்லும். கற்றையின் அகலத்தையே குறையின் அகலமாகக் காட்டும்.

இயந்திர ஸ்கேன் வசதி இருந்தால் ஆழத்துக்கு ஒரு நிறம் கொடுத்த சி-ஸ்கேன் படம் (தகட்டை மேலிருந்து பார்ப்பது போன்ற வரைபடம்) எடுங்கள். அடிபட்ட இடம் அதில் சுழல்படிக்கட்டு போலத் தோன்றும். ஒவ்வொரு எல்லையிலும் பிரிவு நிலக்கடலை வடிவில், கீழ் அடுக்கின் இழைத் திசையில் நீண்டிருக்கும். அடுக்குக்கு அடுக்கு இழைத் திசை மாறுவதால் இதழ்கள் சுழல்கின்றன. அந்தச் சுழற்சி தெரிந்தால் அது அடியால் வந்த சேதம் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம்.

முதல் பிரிவு அடுத்ததை மறைக்கும் என்று முன்பே பார்த்தோம். ஆகவே முடிந்தால் பின்முகத்திலிருந்தும் ஒருமுறை ஸ்கேன் செய்யுங்கள். முடியாவிட்டால், அறிக்கையில் ‘ஒரு முகத்திலிருந்து மட்டும்’ என்று எழுதுங்கள். அந்தச் சொற்களை எழுதத் தயங்குபவர்கள் பலர். வடிவமைப்புப் பொறியாளருக்கு அவைதான் மிகவும் தேவை.

நேர்க்குத்து மீயொலிக்குத் தெரியாதவை

ரெசினில் விழும் தொடக்க விரிசல்கள் தகட்டின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்பவை. மேலிருந்து நேராக இறங்கும் ஒலிக்கு அவற்றின் விளிம்பு மட்டுமே எதிர்ப்படும், எதிரொலி வராது. தகட்டை நீரில் மூழ்கவைத்து, ஒலியைச் சாய்வாக அனுப்பி, சிதறித் திரும்புவதைப் பிடித்தால் அவை தெரியும். இதை 1982இல் பார்-கோஹனும் கிரேனும் காட்டினார்கள். ஆய்வகத்துக்கு அருமையான முறை; ஓடுதளத்தில் நிற்கும் இறக்கையில் நடக்காது.

இன்னொன்று ‘முத்த ஒட்டு’. இரண்டு பரப்புகளும் ஒட்டாமல், ஆனால் இறுகத் தொட்டுக்கொண்டிருக்கும். நடுவே காற்று இல்லை, ஆகவே ஒலி தடையின்றிக் கடந்துவிடும். வலிமை மட்டும் இராது. ஒட்டின் வலிமையை வழக்கமான மீயொலியால் அளக்க முடியாது. ஒட்டு தொடர்ச்சியாக இருக்கிறதா என்று மட்டுமே சொல்லலாம். விற்பனையாளர் வேறு விதமாகச் சொன்னால் மாதிரித் துண்டு கேளுங்கள்.

நிரந்தரமாக ஒட்டிவைக்கும் உணரிகள்

தகட்டின் நீளவாக்கில் ஓடும் அலைகளை 1917இல் ஹொரேஸ் லாம்ப் கணக்கிட்டுக் காட்டினார். சிறிய பீங்கான் வில்லைகளைத் தகட்டில் ஒட்டி, சில நூறு கிலோஹெர்ட்ஸில் அத்தகைய அலையை அனுப்பினால், ஒரே இடத்தில் இருந்தபடி ஒரு மீட்டர் தொலைவையும் கண்காணிக்கலாம். வளைவு வகை அலை மெதுவானது, அலைநீளம் குறைந்தது, அடுக்குப் பிரிவை நன்றாக உணர்வது. சிக்கல் வெப்பநிலை. சேதமில்லாத நாளில் எடுத்த பதிவோடு ஒப்பிட்டே முடிவு சொல்ல வேண்டியிருக்கிறது. சில டிகிரி மாறினாலே அலை வந்துசேரும் நேரம் நகர்ந்து, சேதம் போலவே தோன்றும். பல வெப்பநிலைகளில் அடிப்படைப் பதிவு எடுத்துவைக்காமல் இதில் இறங்க வேண்டாம்.

தேன்கூட்டுப் பலகையும் காற்றாலை இறக்கையும்

தேன்கூட்டுப் பலகையில் 5 மெகாஹெர்ட்ஸ் உதவாது. மேல்தோலில் உள்ள பிரிவை மட்டும் காட்டும். உள்ளீட்டையும் எதிர்த்தோலையும் காட்டாது. இரு பக்கமும் எட்டினால், ஒரு பக்கம் அனுப்பி மறுபக்கம் பிடிக்கும் முறைதான் சிறந்தது. அதிர்வெண்ணை 1 மெகாஹெர்ட்ஸ் அல்லது அதற்கும் கீழே இறக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் எட்டினால், ஜெல் இல்லாமல் கிலோஹெர்ட்ஸ் அளவில் இயங்கும் ஒட்டுச் சோதனைக் கருவி. தொடக்கத்தில் சொன்ன சுக்கானும் தேன்கூட்டுப் பலகைதான்.

முப்பந்தலில் சுழலும் காற்றாலை இறக்கைகளில் பெரும்பகுதி கண்ணாடி இழை. தடிமன் பல சென்டிமீட்டர் வரை போகும், ஒலி மிக விரைவாகத் தேயும். 0.5 முதல் 1 மெகாஹெர்ட்ஸ், பெரிய விட்டப் புரோப். அங்கே முதலில் பார்க்க வேண்டியது, முதன்மைப் பட்டையும் உள்ளே நிற்கும் தாங்குசுவரும் சேரும் பசைக்கோடு. இறக்கை தரையில் இருக்கும்போதே, ஏற்றுவதற்கு முன், இதன் ஒரு பதிவை எடுத்துவைப்பது நல்லது. மேலே கயிற்றில் தொங்கிக்கொண்டு எடுக்கும் பதிவுக்கு ஒப்பிட வேறு எதுவும் இருக்காது.

யார் கையெழுத்திடலாம்

இதைப் படித்துவிட்டு விமான பாகத்துக்குச் சான்றளிக்க முடியாது. விமானத் துறைக்கு நாஸ் 410 அல்லது ஈ.என் 4179 தரநிலைப்படி தகுதி வேண்டும். பிற தொழில்களுக்குப் பொதுவாக ஐ.எஸ்.ஓ 9712. பொருளைச் சேதப்படுத்தாமல் சோதிக்கும் துறைக்கான இந்திய அழிவிலாச் சோதனைக் கழகத்தின் தலைமையகம் சென்னையில்தான் இருக்கிறது. ஐ.ஐ.டி மெட்ராஸில் இந்தத் துறைக்கென்றே ஓர் ஆய்வு மையம் உண்டு. தமிழ்நாட்டில் கற்க விரும்புபவர் வெகுதூரம் போக வேண்டியதில்லை.

சேதம் உறுதியானால், அனுமதிக்கும் அளவு எவ்வளவு என்பதைப் பழுதுநீக்கக் கையேடுதான் சொல்லும். ஆய்வாளர் ஊகிக்கக் கூடாது. அறிக்கையில் புரோபின் எண், அதிர்வெண், கெயின், வேகம், வெப்பநிலை, மாதிரித் துண்டின் எண், கட்டத்தின் தொடக்கப்புள்ளி எல்லாம் இருக்க வேண்டும். பழுதுநீக்குபவர் சேதமடைந்த அடுக்குகளைச் சாய்வாகத் தேய்த்தெடுத்த பிறகு, புது அடுக்கு வைப்பதற்கு முன், அந்தப் பள்ளத்தைச் சுற்றி ஒருமுறை மீண்டும் ஸ்கேன் செய்யுங்கள். மேலே இருந்த பிரிவு போனபின்தான் அதன் நிழலில் இருந்தவை தெரியவரும்.